இறுகிய கெலிப்பர் பின்: கிரீஸா, கிட்டா, பிராக்கெட்டா, முழுக் கெலிப்பரா?

முன் சில்லைக் கழற்றி இரண்டு பிரேக் பேட்டையும் வெளியே எடுத்து அருகருகே வையுங்கள். ஒன்றில் 7 மி.மீ. மிச்சம், மற்றதில் 2 மி.மீ. மட்டும் என்றால் அந்தக் காருக்குப் புதுப் பேட் மட்டும் போட்டு அனுப்புவது காசைக் கரைக்கிற வேலை. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கெலிப்பர் நகர்வதற்கான ‘பின்’ எனும் சிறு உலோகத் தண்டு இறுகியிருக்கலாம். அப்படியென்றால் புதிய பேட்டும் அதே மாதிரி ஒருபக்கமாகத் தேயும். டிஸ்க் சூடாகும். பெற்றோல் கூடக் குடிக்கும். சில மாதத்தில் அதே கராஜுக்கே திரும்பி வரவேண்டும்.

இந்த நிலையில் உள்ள கொரோலா 121, சன்னி, லான்சர், அலியன் போன்ற கார்களுக்குக் கொழும்பில் பொதுவாக இரண்டு தீர்ப்புத்தான் கிடைக்கும். ஒன்று, “பேட் மாற்றினால் சரி.” மற்றது, “கெலிப்பரே போய்விட்டது, பஞ்சிகாவத்தையில் ஒன்று எடுத்து வாருங்கள்.” பஞ்சிகாவத்தை, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம். பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே பிழை. இவற்றுக்கு நடுவில் மலிவான, பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன. எதைத் தெரிவு செய்வது என்பதைக் கெலிப்பரின் வயதும் காரின் விலையும் தீர்மானிப்பதில்லை. பின் ஓடுகிற துளையின் உட்சுவரும் அதை மூடியிருக்கிற சிறிய ரப்பர் உறையான ‘பூட்’டும்தான் தீர்மானிக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களே ஓடின. கோட்டையிலிருந்து கல்கிசை வரை கடற்காற்றில் உப்பு. சில்லை நனைக்காமல் விடாத தென்மேற்குப் பருவமழை. காலி வீதியிலும் பேஸ்லைன் வீதியிலும் நூறு யாருக்கு ஒரு பிரேக். பின் இறுகுவதற்கு இதைவிட நல்ல சூழல் அமையாது. தனியார் காருக்கு வருமான உத்தரவுப் பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள், பிரேக்கைக் கேட்பதில்லை. ஆகவே உரிமையாளரே பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

பின் ஏன் இவ்வளவு முக்கியம்

இந்தக் கார்களில் உள்ள கெலிப்பருக்கு ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன். மிதியை அழுத்தியதும் பிஸ்டன் உள் பேட்டை டிஸ்க்கில் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசை முழுக் கெலிப்பரையும் பின்னோக்கி இழுத்து, வெளிப் பேட்டை மறுபக்கத்தில் சேர்க்கும். அப்படி நகர்வதற்கான தண்டவாளம்தான் மேலும் கீழுமாக உள்ள இரண்டு பின்கள்.

காலை எடுத்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். பிஸ்டனை இழுத்தெடுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்று வளைந்திருந்தது, மீண்டும் நிமிரும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியளவு பின்னே கொண்டுபோகும். அவ்வளவுதான். வெளிப் பேட்டுக்கு அதுவும் இல்லை. சுழலும் டிஸ்க் தட்டித் தட்டித்தான் கெலிப்பரை அதன் இடத்துக்கு அனுப்பும். இவ்வளவு மெலிந்த விசையில் நடக்கிற வேலை என்பதால் பின் விரல் பலத்தில் நகர வேண்டும். சுத்தியலால் தட்டினால் நகர்கிற பின், பிரேக்கைப் பொறுத்தவரை நகராத பின்தான்.

கெலிப்பர் உள்ளே வர மறுத்தால் உள் பேட் ஒன்றே முழுப் பாரத்தையும் சுமந்து தேயும். வந்த பிறகு திரும்ப மறுத்தால் வெளிப் பேட் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பின் ஓடி மற்றது இறுகினால் கெலிப்பர் கோணலாகி, பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் மெலியும். ஆகவே “உள் பேட் தேய்ந்தால் பிஸ்டன், வெளிப் பேட் தேய்ந்தால் பின்” என்ற கராஜ் வாய்ப்பாட்டை அப்படியே நம்பாதீர்கள். தேய்மானம் சந்தேகத்தை மட்டும் தரும். உறுதிப்படுத்துவது கைதான்.

முதலில், குற்றம் பின்னுடையதுதானா

காரை அதிகம் பிரேக் போடாமல் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறிக் கஹதுடுவையில் இறங்கினால் போதும். நிறுத்தியதும் நான்கு சில்லுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடவேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். முன் இடதுக்கும் வலதுக்கும் இடையே வெக்கை வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் சூடான பக்கத்தில் ஏதோ பிடித்திருக்கிறது. நான்குமே சூடு என்றால் பின்னை விட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் பகுதி), மிதியின் இடைவெளி என்று மேலே தேடுங்கள்.

பிறகு ஜக் ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லைக் கழற்றி, கெலிப்பர் பின்களின் போல்ட் இரண்டையும் எடுத்து, கெலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் பாரம் விழக்கூடாது. இப்போது மூன்று பொருளைத் தனித்தனியே சோதிக்கலாம்.

பின்னை விரலால் உள்ளேயும் வெளியேயும் நகர்த்துங்கள். நல்ல பின் மெதுவாக, வழவழப்பாக, ஊசிமருந்துக் குழாய் மாதிரிச் சற்றுக் காற்றுறிஞ்சலுடன் நகரும்.

பேட் தன் இடத்தில் கையால் சறுக்குகிறதா பாருங்கள். கெலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டில் பேட்டின் காது (முனை நீட்சி) உட்காரும் தகட்டுக் கிளிப்புக்கு அடியில் துரு பொருமி, கிளிப்பை மேலே தள்ளி, பேட்டை நெருக்கியிருக்கும். பின் முழுச் சுத்தமாக இருந்தும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும் கார்களில் இதுதான் அடிக்கடி தவறவிடப்படுகிற காரணம். கிளிப்பைக் கழற்றி, அடித் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் தட்டை அரத்தாலும் எடுத்தால் தீர்ந்தது. பேட்டின் காதை அரத்தால் தேய்த்துச் சிறிதாக்குவது குறுக்கு வழி. அடுத்த பேட்டிலும் அதே சிக்கல் வரும்.

கடைசியாகப் பிஸ்டன். பழைய பேட்டை நடுவில் வைத்து ஜி கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அதற்கு முன் பிரேக் ஒயில் போத்தல் விளிம்புவரை நிறைந்திருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பிஸ்டன் சீராகப் போனால் நல்லது. போகாவிட்டால் பிளீடர் நிப்பிளை (கெலிப்பரிலிருந்து காற்றும் ஒயிலும் வெளியேற உள்ள சிறு திருகை) கால் சுற்றுத் திறந்து மறுபடி தள்ளுங்கள். இப்போது இலேசாகப் போனால் பிஸ்டனில் பிழையில்லை. ரப்பர் பிரேக் குழாய் உள்ளுக்குள் வீங்கி, போன ஒயிலைத் திரும்ப விடாமல் ஒருவழிப் பாதையாகிவிட்டது, குழாயை மாற்றவேண்டும். நிப்பிள் திறந்தும் போகாவிட்டால்தான் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தால் காற்று நுழைந்திருக்கலாம் என்பதால் இறுதியில் பிளீட் செய்தே, அதாவது காற்றை வெளியேற்றியே, ஆகவேண்டும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் “கெலிப்பர் போய்விட்டது” என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

முதல் வழி: கழுவி, கிரீஸ் போடுதல்

செலவு மிகக் குறைவு. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். பூட் கிழியாமல், உடையாமல், ஓரம் இறுக்கமாக இருந்து, பின்னின் மேற்பூச்சு பளபளப்பாக இருந்தால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கிரீஸ் காய்ந்து கட்டியாகி இறுகிய பின் இந்த வகைதான்.

எது மேல் பின், எது கீழ்ப் பின் என்று கழற்றும்போதே குறியுங்கள். டொயோட்டா உட்படப் பல ஜப்பான் கார்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் சத்தம் வராமலிருக்க ஒரு ரப்பர் உறை இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் கெலிப்பர் இறுகும். போன தடவை வேலை செய்தவர் மாற்றிப் போட்டதே இன்றைய இறுக்கத்துக்குக் காரணமாகவும் இருக்கலாம். ஆகவே மறுபக்கச் சில்லையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய கிரீஸை முழுவதும் எடுக்கவேண்டும். துளைக்குள் நைலோன் பிரஷ்ஷையும் பிரேக் கிளீனரையும் விட்டுத் துடையுங்கள், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை. ரப்பரைக் கழுவப் பெற்றோலும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். பின்னில் மெல்லிய கறை என்றால் துணியால் உரசி எடுங்கள். வோட்டர் பேப்பர் (உரசு தாள்) போட்டுத்தான் ஆகவேண்டும் என்ற அளவுக்குத் துரு இருந்தால் அந்தப் பின்னின் மேற்பூச்சு ஏற்கெனவே போய்விட்டது. இன்று பளபளக்கும், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பிடிக்கும். அது இரண்டாம் வழிக்குரிய பின்.

இனிக் கிரீஸ். கொழும்பில் பின் கெடுவதற்கு உப்புக்காற்று எவ்வளவு காரணமோ, பிழையான கிரீஸும் அவ்வளவு காரணம். பூட்டும் நுனி உறையும் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர். பிரேக் ஒயிலோடு நன்றாக ஒத்துப்போகும், ஆனால் மினரல் ஒயிலைக் கண்டால் குடித்துக் குடித்து ஊதும். பேரிங் கிரீஸ், சேசிஸ் கிரீஸ், வாசலின், துரு விடுவிக்கும் ஸ்ப்ரே எல்லாமே மினரல் ஒயில் குடும்பம். போட்ட அன்று பின் அருமையாக ஓடும். சில வாரத்தில் நுனி உறை பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பின்னை வெளியே எடுக்கவே முடியாது. செம்புக் கிரீஸும் பின்னுக்குரியதல்ல. அது பேட்டின் முதுகு உலோகத்தில் தொடுகிற இடத்துக்கு, அதுவும் ரப்பரில் படாமல்.

போடவேண்டியது, பிரேக்குக்கு என்றே எழுதப்பட்ட சிலிக்கோன் கிரீஸ், அல்லது ஜப்பான் கிட்டுகளோடு வருகிற கிளைக்கோல் அடிப்படையிலான ரப்பர் கிரீஸ். டொயோட்டா தன் திருத்தும் கையேடுகளில் குறிப்பிடுவது லித்தியம் சோப் கிளைக்கோல் கிரீஸை. அந்தப் பெயரில் “லித்தியம்” இருக்கிறதே என்று சாதாரண லித்தியம் கிரீஸை வாங்கிவிடாதீர்கள், அது மினரல் ஒயில். ஹார்ட்வெயார் கடையில் “சிலிக்கோன்” என்று மட்டும் கேட்டால் ஜன்னல் அடைக்கிற சீலன்டை எடுத்து நீட்டுவார்கள், அது இறுகிக் காய்கிற பசை. இரண்டு வகைக் கிரீஸைக் கலக்கவும் கூடாது.

அளவும் முக்கியம். பின் முழுவதும் மெல்லிய படலம், துளையின் அடியில் ஒரு கடலைப் பருப்பளவு, பூட்டின் உதட்டு உட்புறத்தில் சிறிது. மொத்தம் ஒரு பின்னுக்கு ஒரு கிராம் அளவில் முடிந்துவிடும். துளையை நிரப்பினால் கிரீஸும் அடைபட்ட காற்றும் சேர்ந்து பின்னை வெளியே தள்ளும், பூட் பலூனாகும், நாமே புதிதாக ஓர் இறுக்கத்தை உண்டாக்கியவர்களாவோம். சில பின்களின் பக்கத்தில் தட்டையான முகமோ நெடுங்கோடோ இருக்கும். காற்றுப் போவதற்கான வழி அது, அதை அடைக்காதீர்கள். பின்னை உள்ளே அழுத்தும்போது பூட்டின் உதட்டை விரலால் சற்று நெகிழ்த்திக் காற்றை விட்டுவிட்டு, பிறகு அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவையுங்கள்.

இரண்டாம் வழி: புதிய பின், புதிய பூட்

பூட் கிழிந்திருந்தால், பின்னில் குழிக்குழியாகத் துரு இருந்தால், நுனி உறை ஊதியிருந்தால் இதுதான் வழி. பதினைந்து வருடத்தைத் தாண்டிய காருக்கு, பூட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், இதையே பரிந்துரைப்போம். ரப்பர் கல்லாகிவிட்டால் ஓரத்தால் ஈரம் நுழைவது கண்ணுக்குத் தெரியாது. பின்னும் பூட்டும் அடங்கிய ஒரு கிட்டின் விலையை நல்ல பேட் செட் ஒன்றின் விலையோடு ஒப்பிடுங்கள், அந்தப் பேட்டைக் காப்பாற்றப் போவது இந்தக் கிட்தான்.

கடையில் கேட்கிற விதத்தில் கவனம் வேண்டும். “கெலிப்பர் கிட்” என்றால் பல கடைகளில் பிஸ்டன் சீலும் பிஸ்டன் தூசு உறையும் உள்ள பொதியைத்தான் தருவார்கள், பின் பூட் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். “பின் பூட்”, “சிலைட் பின்” என்று பிரித்துக் கேளுங்கள். செய்க்கன், மியாக்கோ போன்ற ஜப்பான் ரப்பர் கிட்டுகள் கிடைத்தால் அவற்றையே எடுங்கள். காரின் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் நம்பரையும் கழற்றிய பின்னையும் கொண்டுபோங்கள். ஒரே மாடலுக்குள்ளேயே டிஸ்க்கின் அளவும் கெலிப்பர் செய்த நிறுவனமும் மாறும், அதோடு பின்னின் விட்டமும் மாறும். கடையிலேயே வேர்னியர் அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள். பூட்டைப் பழைய பின்னின் பள்ளத்தில் மாட்டிப் பாருங்கள். போலி பூட் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும், உதடு பள்ளத்தில் பிடிக்காமல் வழுகும்.

இந்த வழி தோற்பதற்கு ஒரே காரணம், புதிய பின்னைப் பழுதான துளையில் போடுவது. எனவே துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். செந்துரு தூளாக இருந்தால் பிரஷ் போதும். சுவரில் ஒட்டிய துருவென்றால் துளைக்குச் சரியளவான ட்ரில் பிட்டைக் கையால், மெஷினில் அல்ல, கையால் திருப்பித் துருவை மட்டும் சுரண்டி எடுக்கலாம். உலோகத்தை வெட்டக் கூடாது. பிறகு புதிய பின்னைக் கிரீஸ் இல்லாமல் காய்ந்தபடியே விட்டுப் பாருங்கள். தன் பாட்டில் விழவேண்டும், ஆனால் பக்கவாட்டில் கடகடவென்று ஆடக்கூடாது. இடையில் ஒரு இடத்தில் பிடித்தால் அல்லது ஆடினால் மூன்றாம் வழிக்குப் போங்கள்.

மூன்றாம் வழி: பிராக்கெட்டை மட்டும் மாற்றுதல்

இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம். ஜப்பான் கார்கள் பெரும்பாலானவற்றில் பின் ஓடுகிற துளை கெலிப்பரில் இல்லை, அதைத் தாங்குகிற வார்ப்பிரும்புப் பிராக்கெட்டில் இருக்கிறது. துளை கெட்டால் மாற்றவேண்டியது அந்தப் பிராக்கெட்டை. கெலிப்பர் அப்படியே இருக்கட்டும். பிரேக் ஒயில் லைனைத் திறக்கவே தேவையில்லை, பிளீட் செய்யத் தேவையில்லை, பிஸ்டன் சீலைத் தொடத் தேவையில்லை. முதுகில் இரண்டு போல்ட், வேலை முடிந்தது. பேட் கிளிப் உட்காரும் இடத்தில் துரு அரித்திருந்தாலும் அதுவும் இதோடு புதிதாகிவிடும்.

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் கெலிப்பர் வாங்குவதில் எமக்குத் தயக்கம் உண்டு, ரீகண்டிஷன் பிராக்கெட் வாங்குவதில் இல்லை. பிராக்கெட் என்பது வெறும் இரும்புத் துண்டு. அதன் நல்லது கெட்டது முழுவதும் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். உங்கள் புதிய பின்னைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலிலேயே இரண்டு துளையிலும் விட்டுப் பாருங்கள். நூல் மரைகள் முழுதாக இருக்கவேண்டும். வெப்ப வெட்டுத் தடமோ சுத்தியல் அடியோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சில கடைக்காரர் பிராக்கெட்டைத் தனியே தர விரும்பமாட்டார்கள், கெலிப்பரோடு சேர்த்தே விற்பார்கள். அப்போதும் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் முழுதாக வாங்கிப் பிராக்கெட்டை மட்டும் பூட்டிவிட்டு, வந்த கெலிப்பரை ஒதுக்கி வையுங்கள்.

லேத் வேலை செய்பவர்கள் நம்மூரில் கெட்டிக்காரர்கள் என்பதால், துளையைப் பெருப்பித்து அதற்கேற்பத் தடித்த பின் ஒன்றைக் கடைந்து தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். கம்பெனிப் பின்னின் துரு தடுக்கும் பூச்சும் கடினமும் கடைந்த இரும்பில் வராது. இரண்டு துளையும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது சற்றே விலகினாலும் கெலிப்பர் சாவி பிழைத்த பூட்டு மாதிரி நிற்கும். சுவர் மெலிவதும் நல்லதல்ல. பிரேக்கில் இந்தச் சிக்கனம் செய்யக்கூடாது.

நான்காம் வழி: முழுக் கெலிப்பர்

பிஸ்டனே துருவில் குழி விழுந்திருந்தால், பிளீடர் நிப்பிள் முறிந்திருந்தால், கெலிப்பர் உடலில் மரை போயிருந்தால் இந்த வழிதான். பின் இறுகியது மட்டுமே குறையென்றால் இது வீண் செலவு, வேலையும் இரண்டு மடங்கு.

புதியது, ரீகண்டிஷன் என்ற இரண்டில் புதியது வாங்க முடிந்தால் புதியதே. ரீகண்டிஷன் என்று இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஜப்பானில் கழற்றிய, யாரும் திறந்து பார்க்காத பழைய கெலிப்பர். உங்கள் காரைவிட வயது கூடியதாகவும் இருக்கலாம். கப்பலில் வந்து கடை வாசலில் மாதக்கணக்கில் கிடந்ததில் குழாய்த் துளை வழியே ஈரம் போய்ப் பிஸ்டனில் துரு வைத்திருக்கும். இதை எடுப்பதானால் பிஸ்டன் சீல் கிட்டும் பின் பூட்டும் சேர்த்து வாங்கி, பிரித்து, பிஸ்டனின் குரோம் மேற்பரப்பை நகத்தால் தடவிப் பார்த்து, குழி இல்லையென்றால் மட்டும் பூட்டுங்கள். இந்தச் செலவையும் கூலியையும் கூட்டினால் “மலிவு” எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இடது வலது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டி முடித்ததும் பிளீடர் நிப்பிள் மேலே இருக்கவேண்டும். சில கெலிப்பர்கள் மாறிய பக்கத்திலும் பொருந்திவிடும், நிப்பிள் கீழே வந்துவிடும், மேலே அடைபட்ட காற்று வெளியேறவே மாட்டாது, மிதி பஞ்சாக இருக்கும். எத்தனை தடவை பிளீட் செய்தாலும் சரிவராது. குழாய் போல்ட்டின் இரு பக்கச் செம்பு வொஷர்களும் புதியதாக இருக்கவேண்டும். மூடி திறக்காத பிரேக் ஒயில் அரை லீற்றர், காரின் பிரேக் ஒயில் போத்தல் மூடியில் எழுதியுள்ள டொட் 3 அல்லது 4 தரத்தில்.

பொதுவிதிக்கு அடங்காத கார்கள்

பழைய பிஎம்டபிள்யூ, வொல்க்ஸ்வாகன் போன்ற சில ஐரோப்பியக் கார்களில் அமைப்பு தலைகீழ். பின் பிராக்கெட்டில் திருகப்பட்டிருக்கும், ஓடுவது கெலிப்பருக்குள் உள்ள ரப்பர் உறையில். இந்த வகையில் பின்னைச் சுத்தமாகத் துடைத்து, கிரீஸ் இல்லாமல் காய்ந்தபடியே போடுவதுதான் முறை. பிஎம்டபிள்யூ ஈ46இல் கிரீஸ் பூசுவது உதவியல்ல, கெடுதல். கெட்டால் ரப்பர் உறையும் பின்னும் மாற்றவேண்டும், பிராக்கெட்டை அல்ல.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்களும் இப்போது பழைய கார்கள் ஆகிவிட்டன. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் தேயாது, தேயாததால் யாரும் கழற்றுவதில்லை, கழற்றாததால் பின் இருந்த இடத்திலேயே ஊறிப் பிடிக்கும். பேட் தடிப்பாக இருக்கிறது என்பதை வைத்துப் பிரேக் நன்றாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். இவற்றின் மின்னணுப் பிரேக், சாரதிப் பக்கக் கதவைத் திறந்ததுமே தானாக அழுத்தம் ஏற்றக்கூடியது. கெலிப்பர் கழன்றிருக்கும் வேளையில் அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். சாவியைத் தூர வைத்து, கதவைத் திறக்காமல் வேலை செய்யுங்கள். ஒயில் லைனைத் திறந்தால் ஸ்கேனர் இல்லாமல் ஒழுங்காகப் பிளீட் செய்ய முடியாது. அதனால்தான் ஹைபிரிட்டுக்கு மூன்றாம் வழி இன்னும் பெறுமதியானது.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால், 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நின்றவை போல, ஓடுகிறதா ஓடவில்லையா என்று காத்திருக்கவேண்டாம். நான்கு சில்லின் பின்களையும் எடுத்துக் கழுவிக் கிரீஸ் மாற்றுங்கள்.

வராத பின்னை எடுப்பதும், திரும்பப் பூட்டுவதும்

பின் இழுத்தும் வராவிட்டால் நேராக இழுக்காதீர்கள். போல்ட்டைப் பின்னில் திரும்பத் திருகி, தலையில் ஸ்பேனர் போட்டு இடமும் வலமுமாகத் திருப்புங்கள். சுழலத் தொடங்கினால் வெளியே வரும். துரு விடுவிக்கும் ஸ்ப்ரே அடிக்கலாம், ஆனால் அதோடு அந்தப் பூட் முடிந்தது, புதியது போடவேண்டும். கேஸ் டோர்ச்சால் சூடாக்குவதானால் பிராக்கெட்டைக் காரிலிருந்து கழற்றி, ரப்பர் எல்லாம் எடுத்துவிட்டுத்தான். பிரேக் கிளீனர் அடித்த இரும்பில் நெருப்புக் காட்டாதீர்கள். குளோரின் சேர்ந்த வகையென்றால் எழும் புகை உயிருக்கே ஆபத்தான நச்சு. பிரேக் தூசைக் காற்றுக் குழாயால் ஊதவும் வேண்டாம். ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

போல்ட்டைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் பின்னின் தலையை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பின் சுழன்றால் பூட் முறுக்கிக் கிழியும், அது அன்று தெரியாது. இறுக்கும் அளவு மாடலுக்கு மாடல் வேறு. டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றில் பின் போல்ட்டுக்கு 34 நியூட்டன் மீட்டர். கொரோலா 121இன் முன் பிராக்கெட் போல்ட்டுக்கு 107, சில்லு நட்டுக்கு 103. பின் போல்ட்டுக்கும் பிராக்கெட் போல்ட்டுக்கும் உள்ள இந்த மூன்று மடங்கு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே பலத்தில் இறுக்கும் பழக்கத்தால்தான் பின்னுக்குள் மரை போகிறது.

பிராக்கெட்டையோ பின்னையோ ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம், அதில் குறையில்லை. ஆனால் பேட்டை எப்போதும் இடதும் வலதும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் கழுவிக் கிரீஸ் போட்டால் மறுபக்கமும் போடுங்கள், இல்லாவிட்டால் ஓடுகிற பக்கம் முந்திப் பிடித்து ஸ்டியரிங் அந்தப் பக்கமே இழுக்கும்.

காரை அசைக்கும் முன் மிதியைக் கடினமாகும்வரை பல தடவை அழுத்துங்கள். பிஸ்டனைப் பின்னே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரையைத் தொடும், அதை வீதியில் கண்டுபிடிக்கக் கூடாது. பிறகு வாகனம் குறைந்த வீதியில் 50இலிருந்து 10 கி.மீ. வேகத்துக்கு மிதமாகப் பத்துத் தடவை, இடையில் ஆறவிட்டு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் சில்லைக் கழற்றி உள் பேட்டையும் வெளிப் பேட்டையும் மறுபடி அளந்து, திகதியோடு சேவைப் புத்தகத்தில் எழுதுங்கள். அதன்பிறகு வருடம் ஒரு தடவை, தென்மேற்கு மழை தொடங்குமுன், ஏப்ரலில்.